சைலன்சரில் பெட்ரோல் வாடை: பட்டறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கோபியில் இருந்து சத்தி போகிற வழியில் எங்கள் பட்டறை. பெட்ரோல் கார் மட்டும்தான் பார்க்கிறோம். மஞ்சள் மண்டிக்காரர், பனியன் கம்பெனி மேனேஜர், வாழைத்தார் வியாபாரி, வாத்தியார் என்று யார் வந்தாலும் சைலன்சர் வாடையைப் பற்றிக் கேட்பது அதே பதினெட்டு இருபது கேள்விதான். பாதியைப் போனிலும் மீதியை வாசல் வேப்பமரத்தடியிலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஆடி நோம்பிக்கு லீவு விட்ட ரெண்டு நாளில் எழுதி வைத்தது இது. கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

காத்தால ஸ்டார்ட் பண்ணுனா பெட்ரோல் வாடை அடிக்குதுங்க. இது சீக்குங்களா, இல்ல எல்லா வண்டிக்கும் இப்படித்தானுங்களா?

முதல் ஒன்றிரண்டு நிமிஷம் வந்தால் கவலை இல்லை. குளிர்ந்த இன்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் கொஞ்சம் எச்சாகவே பெட்ரோல் விடும். அந்த மிச்சத்தை எரிக்க வேண்டிய, சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அப்போது ஜில்லென்று கிடக்கும். அது ஏறக்குறைய 250, 300 டிகிரிக்குச் சூடானால்தான் வேலையே ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் வாடை இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, ஐடிலிங்கில் விட்டு, வண்டிக்குப் பின்னால் நாலடி தள்ளி நில்லுங்கள். அப்போது பெட்ரோல் வாடை வரவே கூடாது. வந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

சூடானப்பறமும் வந்தா என்னங்க அர்த்தம்?

உள்ளே போன பெட்ரோல் எரியாமல் வெளியே வருகிறது. அது ரெண்டு வழியில் நடக்கும். ஒன்று, தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது. இன்னொன்று, போகிற அளவு சரிதான், ஆனால் ஏதோ ஒரு சிலிண்டரில் நெருப்புப் பிடிக்கவில்லை.

தண்ணி காய வைக்கிற அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் மட்டையைத் திணித்து வைத்தாலும் புகையும், ஈர மட்டையை வைத்தாலும் புகையும். கண் எரிவது ஒன்றுதான், வைத்தியம் வேறு. ஒரு கிலோ பெட்ரோல் சுத்தமாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கம்ப்யூட்டர் நாள் முழுக்க இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது. கணக்குத் தப்பியதா, நெருப்புத் தப்பியதா என்று தெரியாமல் ஒரு பார்ட்டைக்கூட வாங்காதீர்கள். வாடைக்காக எங்களிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ரெண்டு மூன்று பார்ட் தண்டமாக மாற்றப்பட்டுத்தான் வருகின்றன.

அது சைலன்சர்ல இருந்துதான் வருதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? காருக்குள்ளயும்தான் அடிக்குது.

ராத்திரி நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன்பே போர்ட்டிகோவில் வாடை இருந்தால் அது சைலன்சர் கதை இல்லை. எங்கேயோ பெட்ரோல் கசிகிறது. டேங்க் மூடி ரப்பர், பின் சீட்டுக்கு அடியில் பம்பு உட்காரும் இடம், இன்ஜின் மேல் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், இடையில் ஓடும் ஹோஸ் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். தோட்டத்துச் சாளையில் கார் நிறுத்துகிறவர்கள் ஹோஸை முதலில் பாருங்கள். தேங்காயும் தீவனமும் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலிக்கு ரப்பர் ஹோஸ் என்றால் தனிப் பிரியம்.

கசிவு என்று சந்தேகம் வந்தால் சாவியைத் தொடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கலைந்து போகாமல் தரையோடு படுத்திருக்கும், ஒரு சின்னப் பொறி போதும். வண்டியைத் தள்ளி வெளியே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

எனக்கு எல்லா வாடையும் ஒண்ணாத்தானுங்க தெரியுது.

அழுகின முட்டை வாடை என்றால் கந்தகம், கன்வெர்ட்டர் பக்கம் பார்க்கணும். எண்ணெய் கருகின வாடையும் நீலப் புகையும் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. தித்திப்பான வாடையோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. கண்ணைக் கரித்து மூக்கில் ஏறினால் அதுதான் எரியாத பெட்ரோல். இதற்காக யாரும் குழாயில் மூக்கை வைக்க வேண்டாம். அதே குழாயில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிடுவதும் இதே காரணத்தால் ஆபத்து.

மெக்கானிக்குகிட்ட போறதுக்கு முன்னாடி நானே ஏதாச்சும் பார்க்க முடியுமுங்களா?

சிலிண்டருக்குள் பொறி விடும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் பட்டறையில் கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறது, இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது பிளக்கைத்தான். ஸ்கேனர் கம்ப்யூட்டர் என்ன நினைக்கிறது என்று சொல்லும், பிளக் உள்ளே என்ன நடந்தது என்று சொல்லும்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும், அப்புறம் அது பெரிய செலவு. கழற்றும் முன் பிளக் குழியில் இருக்கும் தூசியை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். நாலையும் கழற்றிய வரிசை மாறாமல் ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். முனை வெளிர் பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் அந்தச் சிலிண்டர் ஆரோக்கியம். நாலும் காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் எச்சு. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் நனைந்து வாடை அடித்தால் அந்த ஒன்றில் நெருப்புப் பிடிக்கவில்லை. மேலே சொன்ன ரெண்டு வழியில் உங்களுடையது எது என்று இதிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

கூடவே இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியை உருவி மோந்து பாருங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

ஒரு பிளக் மட்டும் ஈரமா இருக்குதுங்க. புது பிளக் போட்டாச் சரியாயிருமா?

பிளக்தான் காரணமாக இருந்தால் ஆகும். சாதாரண நிக்கல் பிளக் 30,000, 40,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் நாலையும் ஒட்டுக்கா மாற்றிவிடுவதில் தப்பில்லை. மாற்றியும் அதே சிலிண்டர் அடிக்கவில்லை என்றால் அடுத்து, பிளக்குக்குப் பொறிக் கரன்ட் கொடுக்கும் காயில். இப்போதைய வண்டிகளில் பிளக்குக்கு ஒரு காயில். காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது: ரெண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றில் போடுங்கள், மூன்றாவதை ரெண்டில் போடுங்கள். முன்பு ஸ்கேனரில் பி0302 (ரெண்டாம் சிலிண்டர் அடிக்கவில்லை) என்று வந்த கோளாறு எண், அதாவது கோடு, இப்போது பி0303 ஆக மாறினால் காயில் போய்விட்டது. இடம் மாறாமல் ரெண்டிலேயே நின்றால் காயில் நிரபராதி. அப்புறம் ஒயர், இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன்.

இன்ஜின் ஓடும்போது காயில் பிளக்கை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கிற பழைய பழக்கம் இன்னும் பல பேரிடம் இருக்கிறது. வேண்டாம். பிடுங்கிய ஒவ்வொரு நொடியும் பச்சைப் பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குள் போகிறது.

எங்குளுது நாலு பிளக்குமே அடுப்புக்கரியாட்டம் இருக்குதுங்க.

அப்படியென்றால் கம்ப்யூட்டரிடம் யாரோ பொய் சொல்கிறார்கள், அல்லது கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் எங்கிருந்தோ பெட்ரோல் உள்ளே வருகிறது.

பொய் சொல்வதில் முதல் சந்தேகம் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் மேல். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போது ‘இன்னும் 30 டிகிரிதான்’ என்று அது சொன்னால், கம்ப்யூட்டர் நாள் முழுக்க மார்கழிக் காலை என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றும். ஒயர் முழுசாக அறுந்தால்தான் கோடு வரும். இப்படிப் பாதிப் பொய் சொன்னால் செக் இன்ஜின் லைட்கூட எரியாது. காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் பாருங்கள்: கூலன்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கூலன்ட் 85, 95 டிகிரிக்குள் நிற்க வேண்டும். வேசகாலத்திலேயே (கோடையிலேயே) 65ஐத் தாண்டவில்லை என்றால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறதோ என்னவோ, கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கும். சிலர் ‘சூடாகாம இருக்கட்டும்’ என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசியிருப்பார்கள். அந்த வண்டிக்கு வாடைதான் கூலி.

அடுத்தது மேப் சென்சார். இன்ஜினுக்குக் காற்று போகும் மானிஃபோல்டில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு காற்று போகிறது என்று கணக்குச் சொல்வது அதுதான். சில பழைய மாடல்களில் அதற்கு ஒரு சின்ன ரப்பர் குழாய் போகும். அது வெடித்துவிட்டால், ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்திருக்கிறோம் என்று கம்ப்யூட்டர் ஏமாந்துபோகும். தெரியாமல் வரும் பெட்ரோலுக்கு மூன்று வாசல்: சொட்டும் இன்ஜெக்டர், கோளாறான பிரஷர் ரெகுலேட்டர், திறந்தே கிடக்கும் பர்ஜ் வால்வு. பல வண்டிகளில் ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்போடு இருக்கும். இன்ஜின் மேலேயே இருக்கும் பழைய ரகம் என்றால் அதன் வேக்கம் ஹோஸை உருவிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாபிரம் கிழிந்திருக்கிறது, வேறு சோதனையே தேவையில்லை. பர்ஜ் வால்வைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

இன்ஜெக்டர் சொட்டுதான்னு எப்படிங்க தெரியும்?

சூட்டோடு நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினால் செல்ஃப் நெடுநேரம் சுற்றி, குப்பென்று கரும்புகையும் வாடையுமாக எடுக்கும். அப்புறம் சரியாகிவிடும். மெக்கானிக்கிடம் பிரஷர் மீட்டர் போடச் சொல்லுங்கள். சாதாரண எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள ரகம்) 3 பார் அளவில் நிற்கும். இன்ஜினை நிறுத்தியதும் முள் மளமளவென்று இறங்கினால் எங்கேயோ போகிறது. பம்புக்குள் இருக்கும் வால்வு வழியாகத் திரும்ப டேங்குக்கும் போகலாம் என்பதால் அவசரப்பட்டு நாலு இன்ஜெக்டரும் வாங்காதீர்கள். கழற்றி பெஞ்சில் மாட்டி, பிரஷர் கொடுத்துப் பார்த்தால் எது சொட்டுகிறது என்று கண்ணாலேயே தெரியும். அழுக்கால் சொட்டுவது அல்ட்ராசானிக் கழுவலில் பெரும்பாலும் சரியாகும், தேய்ந்து சொட்டுவது சரியாகாது.

ஸ்கேனர்ல ஆக்சிஜன் சென்சார்னு வந்துச்சுங்ணா. மாத்தியாச்சு. வாடை அப்படியேதான் இருக்குது. ஏமாத்திப்போட்டாங்களா?

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை, அவசரப்பட்டிருக்கலாம். ஆக்சிஜன் சென்சார் ஒரு சாட்சி. சைலன்சரில் மிச்சம் இருக்கிற ஆக்சிஜனைப் பார்த்துச் சொல்வது அதன் வேலை. சாட்சி சொன்னதைக் கேட்டுவிட்டு சாட்சியையே ஜெயிலில் போடுகிற வேலைதான் பாதி இடங்களில் நடக்கிறது.

நானே அப்படிச் செய்திருக்கிறேன். பவானியில் இருந்து வந்த ஒரு வண்டிக்குப் புது சென்சார் போட்டு அனுப்பினேன். நாலாம் நாள் அதே வாடையோடு திரும்பி வந்தது. கடைசியில் பார்த்தால் புகை வெளியேறும் பக்கத்து (எக்ஸாஸ்ட்) மானிஃபோல்டு கேஸ்கட்டில் முடியளவு வெடிப்பு. சென்சாருக்கு முன்னால் அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. சென்சார் ‘ஆக்சிஜன் நெறைய இருக்குது, பெட்ரோல் பத்தலை’ என்கிறது. கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக இன்னும் ஊற்றுகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் டிக் டிக்கென்று ஒரு சத்தம் வந்து, சூடானதும் நின்றுவிடும். அது வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் என்று நான் விட்டுவிட்டேன். அந்த சென்சார் காசை வண்டிக்காரரிடம் வாங்கவில்லை.

ஒரு சிலிண்டர் அடிக்காவிட்டாலும் இதே நாடகம்தான். எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் சேர்ந்து வரும். சென்சாருக்கு ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும்.

அப்ப சென்சார் நெசமாவே போகாதுங்களா?

போகும். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டினால் மந்தமாகும். சாதாரண நாலு ஒயர் சென்சார் சூடான இன்ஜினில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடாமல் ஒரே இடத்தில் நின்றால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயைத் துளி அடித்துப் பாருங்கள். அப்போது வோல்ட் துள்ளி ஏறினால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது.

ஃபியூல் ட்ரிம் பாருங்கன்னு யூடியூப்ல சொல்றாங்க. அதென்னங்க?

கம்ப்யூட்டர் தன் கணக்கை எவ்வளவு திருத்திக்கொண்டிருக்கிறது என்பதற்கான சதவீதம். பூஜ்யத்துக்கு அக்கட்டும் இக்கட்டும் பத்துக்குள் இருந்தால் நல்லது. மைனஸ் 20 என்றால் ‘பெட்ரோல் எச்சா வருது, நான் குறைச்சுக்கிட்டே இருக்கேன்’ என்று அர்த்தம். பிளஸ் 20 என்றால் ‘பத்தலை, சேர்த்துக்கிட்டே இருக்கேன்’ என்று அர்த்தம். போனோடு புளூடூத்தில் சேரும் சின்ன ஸ்கேனரான ஓ.பி.டி. டப்பா ஒன்று இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்.

வாடையும் வருகிறது, ட்ரிம்மும் மைனஸில் இருக்கிறது என்றால் உண்மையிலேயே பெட்ரோல் எச்சு. கரிப் பிளக் கேள்விக்குப் போங்கள். வாடை வருகிறது, ஆனால் ட்ரிம் பிளஸில் இருக்கிறது என்றால் அது ஏமாந்த கணக்கு: மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் அடிக்காதது), சென்சாருக்கு முந்தின ஓட்டை, அல்லது சென்சாரே. பி0172 வந்தால் எச்சு, பி0171 வந்தால் பத்தலை. இந்த ஒரு பாரா பிடிபட்டுவிட்டால் எந்தப் பட்டறையிலும் உங்களை யாரும் சுற்றிவிட முடியாது.

ஏர் ஃபில்டர் அடைச்சுக்கிட்டா இந்த வாடை வருமுங்களா? மில்லு பக்கம் பஞ்சுத் தூசி சாஸ்திங்க.

கம்ப்யூட்டர் இல்லாத பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் வரும். இன்ஜெக்ஷன் வண்டியில் பெரும்பாலும் வராது. காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும், பிக்கப் மட்டும் போகும். மில் பக்கமும் செங்கல் சூளை பக்கமும் ஓடுகிறவர்கள் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டரில் பாதிக்கே ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். வாடைக்காக அல்ல, இன்ஜினுக்காக.

அய்யன் வெச்சிருந்த கார்ப்பரேட்டர் மாருதி 800 இன்னும் ஓடுதுங்க. அதுக்கு ஸ்கேனரும் இல்ல, ஒண்ணுமில்ல.

அதுதான் அந்த வண்டியின் சுகம். குளிரில் ஸ்டார்ட் ஆகக் காற்றை மறிக்கும் சோக் முழுசாகத் திறக்கிறதா பாருங்கள். கேபிள் சிக்கி அரை சோக்கிலேயே ஓடுகிற வண்டிகள் நிறைய. அடுத்து, கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் அளவைக் காக்கும் ஃப்ளோட். அதன் ஊசி தேய்ந்திருந்தாலோ நடுவில் ஒரு மணல் சிக்கினாலோ கிண்ணம் வழிந்து பெட்ரோல் தானாக உள்ளே இறங்கும். பட்டறையில் ‘ஓவர் ஃப்ளோ’ என்பது இதைத்தான். ஊசியும் கேஸ்கட்டும் சேர்ந்த ரிப்பேர் கிட் போட்டு, லெவல் வைத்தால் தீர்ந்தது. ஐடில் ஸ்க்ரூவை மட்டும் திருகித் திருகிச் சரிக்கட்டுவது ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

ஊட்டி ஏறுனா மட்டும் வாடை வருதுங்க. மேட்டுப்பாளையம் வந்துட்டாச் சரியாயிருது.

உங்களுடையது கார்ப்பரேட்டர் என்றால் அது வியாதியே இல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். காற்று மெலிந்துவிட்டது என்று கார்ப்பரேட்டருக்குத் தெரியாது. கோயமுத்தூரில் வைத்த கணக்கிலேயே பெட்ரோலை விடும். குன்னூரைத் தாண்டும்போதே மூச்சு வாங்கும்.

இன்ஜெக்ஷன் வண்டியில் இப்படி வரக் கூடாது. சாவி போட்டதும் மேப் சென்சார் வெளிக் காற்றழுத்தத்தைப் படித்து, கணக்கை மாற்றிக்கொள்ளும். சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணாமல் ஸ்கேனரில் பாருங்கள். ஊட்டியில் 78 கிலோபாஸ்கல் அளவிலும், கோயமுத்தூரில் 96 அளவிலும் காட்ட வேண்டும். ரெண்டு ஊரிலும் ஒரே எண் என்றால் அந்த சென்சார்தான். இறங்கும்போது வாடை என்றால் வேறு விஷயம். கியரில் இறங்கினால் இன்ஜெக்டரே பெட்ரோலை நிறுத்திவிடும், நியூட்ரலில் விட்டால் ஐடிலிங்குக்கு ஊற்றிக்கொண்டே வரும். மலையில் நியூட்ரல் போடுகிறவர்கள் வாடையைப் பற்றிக் கவலைப்படும் முன் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

டேங்க் ஃபுல் பண்ணுன அன்னிக்கு மட்டும் வாடை, ஸ்டார்ட் ஆகறதும் கஷ்டம். பெட்ரோல் பங்க்ல கலப்படமுங்களா?

பங்க்காரரைத் திட்டும் முன் பர்ஜ் வால்வைப் பாருங்கள். டேங்கில் கிளம்பும் ஆவியை ஒரு கரி டப்பா உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அதை இன்ஜினுக்கு அனுப்பும். அந்த வால்வு மூடாமல் சிக்கினால், ஃபுல் அடிக்கும்போது கிளம்பும் ஆவி முழுக்க மானிஃபோல்டுக்குள் நிரம்பிவிடும். வால்வைக் கழற்றி, கரன்ட் இல்லாதபோது வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போகக் கூடாது.

தானாகக் கட்டானப்பறம் ‘இன்னும் ரெண்டு ரூவாய்க்கு விடுப்பா, ரவுண்டா வரட்டும்’ என்று நிரப்புகிறோமே, அதுதான் கரி டப்பாவுக்குள் பெட்ரோலையே இறக்கிவிடுவது. டப்பா ஒரு தடவை நனைந்தால் அப்புறம் மாற்றத்தான் வேண்டும்.

ஆயில் கேஜை மோந்து பார்க்கச் சொன்னீங்களே. ஆமாங்க, பெட்ரோல் வாடை அடிக்குது. லெவலும் ஏறியிருக்குது.

ஊற்றாத ஆயில் ஏறினால் அது ஆயில் இல்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. ஆயில் தண்ணியாகி பேரிங் தேயும். காரணத்தைச் சரிசெய்துவிட்டு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். முன்னாடியே மாற்றினால் புது ஆயிலும் வீண். தினம் பள்ளிக்கூடம் வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டிக்கு எந்தக் கோளாறும் இல்லாமலேயே இப்படிக் கொஞ்சம் வரும். வாரத்துக்கு ஒரு தடவை அவினாசி வரைக்குமாவது நீட்டி ஓட்டுங்கள்.

கேஸ் கிட் போட்ட வண்டிங்க. கேஸ்ல ஓடும்போதே பெட்ரோல் வாடை எப்படிங்க வரும்?

எல்.பி.ஜி.யில் ஓடும்போது பெட்ரோல் இன்ஜெக்டர்கள் மூடியிருந்தாலும், பல கிட்களில் பம்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு இன்ஜெக்டர் சொட்டினால் கேஸோடு பெட்ரோலும் போகும். வருஷக்கணக்காக கேஸிலேயே ஓட்டி, பெட்ரோல் பக்கம் உபயோகமில்லாமல் கிடந்தால் இன்ஜெக்டர் பிசின் பிடித்துச் சொட்ட ஆரம்பிக்கும். தினம் கொஞ்ச தூரமாவது பெட்ரோலில் ஓட்டுங்கள். இன்னொன்று, கேஸில் வால்வு சீட் சீக்கிரம் தேய்ந்து டேப்பட் இடைவெளி இறுகிப்போகும். வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் இறங்கி மிஸ்ஸிங் வரும். பிளக், காயில் எல்லாம் மாற்றியும் தீராத கேஸ் வண்டிகளுக்கு நான் நேராக டேப்பட்டைத்தான் திறக்கிறேன்.

இ20 வந்ததுல இருந்துதானுங்க இந்த வாடை. சரிதானுங்களே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இ20 என்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தன்னோடேயே ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது. அதனால் கலவை எச்சாகப் போகாது, குறையத்தான் போகும். அதையும் கம்ப்யூட்டர் ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். மைலேஜ் குறைந்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன், லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் ரெண்டு பங்கு சக்திதான். ஆனால் இ20க்கென்று செய்யாத பழைய வண்டிகளில் ரப்பர் ஹோஸும் ஓ-ரிங்கும் சீக்கிரம் கெட வாய்ப்பு உண்டு. அப்போது வருவது கசிவு வாடை. மூன்றாவது கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

புகை டெஸ்ட்ல பாஸாயிருச்சுங்களே. அப்பறமென்ன?

பாஸ் என்ற வார்த்தையோடு நிறுத்தாமல் அந்தத் தாளில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி) முதல் வந்த பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.முக்கும் மேல் போகக் கூடாது. ஹைட்ரோகார்பன் என்பதுதான் எரியாத பெட்ரோல். ரெண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் பெட்ரோல் எச்சு. ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறி, கார்பன் மோனாக்சைடு அடங்கியிருந்தால் மிஸ்ஸிங். சொற்பக் காசுக்குக் கிடைக்கிற இந்தச் சோதனையை யாரும் சோதனையாகப் பார்ப்பதில்லை, போலீஸுக்குக் காட்டும் தாளாகத்தான் பார்க்கிறார்கள். குழாயை நெசமாகவே சைலன்சருக்குள் விட்டு எடுத்த தாளாக இருக்க வேண்டும், அது முக்கியம்.

வாடையோடவே இன்னும் ஒரு மாசம் ஓட்டுனா என்னங்க ஆகும்? சீசன் நேரம், வண்டிய நிறுத்த முடியாது.

செக் இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் ஒரு வாரம் மெதுவாகச் சமாளிக்கலாம். விட்டு விட்டு மின்னினால் அன்றைக்கே நிறுத்துங்கள். மிஸ்ஸிங்கில் போகும் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அது செக்கச் சிவந்துபோகும். உள்ளே இருக்கும் பீங்கான் உருகி அடைத்தால், காயிலுக்குப் பார்த்த காசு கன்வெர்ட்டருக்குப் பல மடங்காகப் போகும்.

நம் பக்கம் இன்னொரு ஆபத்து உண்டு. அறுப்புக் காலத்தில் கொள்ளையும் ராகியையும் தார் ரோட்டில் பரப்பி விடுகிறார்கள், போகிற வண்டிகள் மிதித்துப் பிரிக்கட்டும் என்று. அந்தத் தட்டு காருக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும். சாதாரண சூட்டிலேயே அது பற்றும், சிவந்த கன்வெர்ட்டர் மேல் பட்டால் கேட்கவே வேண்டாம். அப்படி ஓட்டி வந்தால் இறங்கி அடியில் குனிந்து பாருங்கள். சோளத்தட்டுப் போர் பக்கமும் காய்ந்த புல் மேலும் நிறுத்தாதீர்கள்.

அந்த கன்வெர்ட்டரையே கழட்டிப்போட்டா வாடை போயிருமுன்னு ஒரு மெக்கானிக் சொன்னாருங்க.

எச்சாகத்தான் அடிக்கும். இருக்கிற வாடையில் பெரும்பங்கை எரித்துக்கொண்டிருப்பதே அதுதான். சட்டப்படியும் தப்பு. வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.

எல்லாம் பார்த்தாச்சுங்க. பிளக் பிஸ்கட் நெறம், ட்ரிம் மூணு, புகைத்தாள் சுத்தம். ஆனா ஓட்டும்போது பின்சீட்டுல அம்மிணிக்கு வாடை அடிக்குதாம். எனக்கு அடிக்கவே இல்ல. மனசுல தோணுதா?

அம்மிணி சொல்வதை நம்புங்கள். போன வருஷம் திருப்பூரில் இருந்து இதே கேள்வியோடு ஒரு ஹேட்ச்பேக் வந்தது. மூன்று பட்டறை பார்த்தாகிவிட்டது, நானும் ரெண்டு நாள் பார்த்தேன். இன்ஜினில் குற்றமே இல்லை. கடைசியில் வண்டிக்காரரை ஓட்டச் சொல்லி நான் பின்னால் உட்கார்ந்தேன். முன் கண்ணாடியை இறக்கினால் வாடை வந்தது, ஏற்றினால் நின்றது.

ஹேட்ச்பேக் ஓடும்போது பின்கதவுக்கு வெளியே காற்று சுழன்று நிற்கும். அதில் சைலன்சர் புகையும் சேரும். முன் கண்ணாடி திறந்திருந்தால் காருக்குள் அழுத்தம் குறைந்து, பின்கதவு ரப்பரில் சந்து கிடைத்த இடத்தில் புகையை உள்ளே இழுக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினோடு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும்போது, முதல் கேள்வியில் சொன்ன அந்த ரெண்டு நிமிஷ வாடைதான் பின்சீட்டுக்குப் போயிருக்கிறது. வாடை தெரிகிறது என்றால் வாடையில்லாத கார்பன் மோனாக்சைடும் கூடவே வருகிறது, அதனால் சின்ன விஷயம் என்று விட முடியாது. ஒரு நூறு ரூபாய் நோட்டைப் பின்கதவில் வைத்துச் சாத்தி, வெளியில் இருந்து உருவிப் பாருங்கள். சுற்றிலும் இறுக்கமாக வர வேண்டும். அந்த வண்டியில் இடது கீழ் மூலையில் நோட்டு தானாக விழுந்தது. புது ரப்பர் பீடிங் போட்டோம், வேறொன்றும் மாற்றவில்லை.